முப்புரி கண்ட மேதை: பேராசிரியர் ஜி. என். இராமச்சந்திரன்

கயிறு திரிக்கும் தொழிலை எமது ஊர் முதியோர் நன்கறிவர். இளைஞராகிய எம்முட் சிலரே அதனைக் கண்ணாற் கண்டிருப்போம். இன்று நைலோன் கயிறு கடைதோறும் கிடைக்கின்றது. ஆயினும் திண்ணையிலமர்ந்து தென்னந்தும்பை உள்ளங்கையில் வைத்து உருட்டிப் புரியாக்கும் பெரியவர் ஒருவரைக் கனகராயன்குளத்திலே நாம் சிறு பராயத்திற் பார்த்ததுண்டு. முதலிலே தும்பை ஒரு பக்கமாக முறுக்கிப் புரியாக்குவார். அவ்வாறு செய்த மூன்று புரிகளையும் சேர்த்து, முன் முறுக்கியதற்கு எதிர்ப் பக்கமாக ஒன்றையொன்று தழுவச் சுற்றுவார். ஏன் எதிர்ப் பக்கமாகச் சுற்றவேண்டும் என்று நாம் கேட்டபோது, அப்படிச் செய்தாற்றான் கயிறு தானாக அவிழாது என்று விடையிறுத்தார். புரி ஒவ்வொன்றும் அவிழ முயலும்போது அம்முயற்சியே கயிற்றை மேலும் இறுக்குகின்றது. மாட்டைக் கட்டுங் கயிறும், வாளியை இழுக்குங் கயிறும், திருவிழாவிலே பல்லாயிரம் கைகள் பற்றியிழுக்குந் தேர்வடமும் இந்த ஒரே சூட்சுமத்தினாலே தான் நிலைத்து நிற்கின்றன.

இதே சூட்சுமம் எமது உடம்பினுள்ளும் உண்டென்றால் வியப்பாக இல்லையா? எமது தோல், எலும்பு, தசைநாண், குருத்தெலும்பு ஆகிய யாவற்றுக்கும் உறுதியளிக்கும் பொருள் கொலாஜன் எனும் ஒரு புரதம். உடம்பிலுள்ள புரதங்கள் அனைத்திலும் ஏறத்தாழக் காற்பங்குக்கு மேற்பட்டது இதுவே. கண்ணுக்குப் புலப்படாத இப்புரத மூலக்கூறு, மூன்று புரிகள் முறுக்கிய கயிறாக அமைந்துள்ளது. இதனை உலகுக்கு முதன்முதலிற் காட்டியவர் இலண்டன் மாநகரிலோ அமெரிக்காவிலோ இருந்த விஞ்ஞானி அல்லர். சென்னையிலே கிண்டியில் இருந்து ஆராய்ந்த பேராசிரியர் ஜி. என். இராமச்சந்திரன் அவர்களே அவர். அன்னாரது வாழ்க்கையை எமது சங்கத்து இளைஞரும் பெரியோரும் அறிந்து கொள்ளவேண்டும் எனும் அவாவினால் இக்கட்டுரையை எழுதப் புகுந்தோம்.

அவருடைய பெயரின் முதலெழுத்துக் குறிப்பது கோபாலசமுத்திரம். அது திருநெல்வேலிச் சீமையிலுள்ள ஓர் ஊர்; அவர்தம் முன்னோர் வாழ்ந்த பதி. அவர் பிறந்ததோ கொச்சி இராச்சியத்து எர்ணாகுளத்தில், 1922ஆம் ஆண்டு ஒக்டோபர் 8இல். தந்தையார் நாராயண ஐயர், எர்ணாகுளம் மகாராஜாக் கல்லூரியிலே கணிதப் பேராசிரியராக விளங்கியவர். தாயார் இலட்சுமி அம்மாள். தந்தையார் மகனுக்குக் கணக்குகளைக் கொடுத்து விடை காணச் செய்வார். விளையாட்டுப் பருவத்திலேயே கணிதம் அவருக்கு விளையாட்டாயிற்று. இந்த வித்தே பிற்காலத்தில் பெரு விருட்சமாக வளர்ந்தது.

எர்ணாகுளத்திலே இன்டர்மீடியற் வகுப்பை முடித்தபின் திருச்சிராப்பள்ளிப் புனித சூசையப்பர் கல்லூரியிற் சேர்ந்து பௌதிகத்தைச் சிறப்புப் பாடமாகக் கற்றார். இக்கல்லூரி இயேசு சபைக் குருமார் நடத்தியது. மிஷன் பாடசாலையிலே பயின்ற எமக்கு இச்செய்தி தனியானதொரு மகிழ்ச்சியைத் தருகின்றது. பிற சமயத்தார் நிறுவிய கல்லூரியிலே கல்வி கற்றும் தம் முன்னோர் மரபை அவர் கைவிட்டாரல்லர். முதுமையிலே இந்தியத் தர்க்க சாத்திரங்களை ஆராய்ந்து, சமணருடைய சியாத்வாதத்தைக் கணித உருவிலே எழுதிக்காட்ட முயன்றவர் அவர். அறிவு எக்கதவால் வந்தாலும் வரவேற்கலாம். வீடு தன் வீடாகவே இருக்கும் என்பதற்கு அன்னார் வாழ்வு சான்றாகும்.

1942ஆம் ஆண்டில் பட்டம் பெற்றுப் பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்திலே மின் பொறியியல் பயிலச் சேர்ந்தார். அங்கே பௌதிகத் துறைத் தலைவராக வீற்றிருந்தவர் நோபல் பரிசு பெற்ற சேர் சி. வி. இராமன் அவர்கள். இளைஞருடைய கூர்மையைக் கண்ட இராமன், இவர் மின் பொறியியலுக்குரியவர் அல்லர் எனக் கூறித் தம் துறைக்கு அவரை இழுத்துக்கொண்டார். பொறியியலாளராக வேண்டியவர் பௌதிகரானார். ஓராசிரியரின் கண் ஒரு மாணவனின் வாழ்வை எங்ஙனம் திருப்பிவிடுகின்றது பாருங்கள்!

இராமனிடத்திலே அவர் வைரம் முதலிய பளிங்குகளை ஆராய்ந்தார். பளிங்கினுள் அணுக்கள் ஒழுங்காக அடுக்கப்பட்டுள்ளன. அதன் மீது எக்ஸ் கதிர்களைப் பாய்ச்சினால், சிதறும் கதிர்கள் படத்தாளிலே புள்ளிகளாக விழும். அப்புள்ளிகளின் இடத்தையும் செறிவையும் கொண்டு அணுக்கள் இருக்கும் இடத்தைக் கணித்தறியலாம். இக்கலையிலே அவர் தேர்ந்தார். 1947இல் முதுமுனைவருக்கொப்பான டி.எஸ்ஸி. பட்டம் பெற்று, கேம்பிறிட்ஜ் சென்று கவெண்டிஷ் ஆய்வுகூடத்திலே 1949இல் மற்றுமொரு கலாநிதிப் பட்டமும் பெற்றார்.

தாயகம் மீண்டபின் அவர் கருத்தைக் கவர்ந்த விடயங்களுள் ஒன்று, ஒளியைத் திருகும் பளிங்குகளாகும். குவாட்சு எனும் கல்லிலே சிலிக்கனும் ஒட்சிசனும் மரையாணியின் புரியைப் போலச் சுற்றிச் சுற்றி ஏறும். சில கற்களிலே அது வலமாகச் சுற்றும். சில கற்களிலே இடமாகச் சுற்றும். அக்கல்லின் ஊடாகச் செல்லும் ஒளியின் அதிர்வுத் தளமும் அதற்கேற்பத் திரும்பிவிடுகின்றது. கல்லின் உள்ளிருக்கும் திருக்கு ஒளியிலே வெளிப்படுகின்றது என்றால், வடிவமும் குணமும் எவ்வளவு நெருங்கியவை! இத்தகைய பளிங்குகளைப் பற்றி அவர் எழுதிய காலத்திலே, இதே திருக்கு உயிர்ப்பொருளிலும் தமக்காகக் காத்திருக்கின்றது என்று அறிந்திருப்பாரோ?

1952ஆம் ஆண்டு சென்னைப் பல்கலைக்கழகம் பௌதிகத் துறைக்குத் தலைவரைத் தேடியது. துணைவேந்தர் சேர் ஏ. இலட்சுமணசுவாமி முதலியார் அவர்கள், இராமனின் பரிந்துரைப்படி இராமச்சந்திரனை அழைத்தார். அப்போது அவருக்கு வயது முப்பது நிறையவில்லை. அவ்வாண்டிலே சென்னை வந்த ஆங்கில விஞ்ஞானி பேர்னால் அவர்களோடு உரையாடியபோது, கொலாஜனின் அமைப்பு இன்னும் விடுவிக்கப்படாத புதிராக உள்ளதென்பதை அறிந்தார். அப்புதிரைத் தாமே விடுவிப்பதெனத் துணிந்தார்.

அக்காலத்து நிலையை ஈண்டு நினைத்தல் வேண்டும். 1951இல் அமெரிக்கப் பேரறிஞர் போலிங் புரதச் சங்கிலி ஒன்று தனியே சுருளும் வகையைக் காட்டினார். 1953இல் வாற்சனும் கிரிக்கும் பரம்பரைப் பொருளாகிய டி.என்.ஏ. இரட்டைச் சுருள் என்று காட்டினர். உலகெங்கும் சுருள்களைத் தேடும் வேட்கை மூண்டிருந்தது. பெரிய ஆய்வுகூடங்கள் பலவும் கொலாஜனை நாடின. இவற்றோடு போட்டியிட்டது அப்போதுதான் துளிர்த்த சென்னைத் துறை.

ஆனால் சென்னையிலே ஒரு வசதி இருந்தது. அருகே அடையாற்றில் மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் இருந்தது. தோல் என்பது பெரும்பாலும் கொலாஜனே அன்றோ? அங்கிருந்து கங்காருவின் வாற் தசைநாணைப் பெற்றார்கள். கோபிநாத் கர்த்தா எனும் இளம் ஆராய்ச்சியாளர் துணைநின்றார். எக்ஸ் கதிர்ப் படங்கள் எடுக்கப்பட்டன. இரசாயனப் பகுப்பாய்வு வேறொரு குறிப்பைத் தந்தது. புரதச் சங்கிலியின் மணிகள் அமினோ அமிலங்கள் எனப்படும். கொலாஜனிலே மூன்றுக்கு ஒன்று கிளைசின் எனும் அமிலமாக இருந்தது. இருபது வகை அமிலங்களுள் ஒன்று மாத்திரம் மூன்றிலொரு பங்கை ஏன் பிடித்துக்கொண்டது?

விடை இதுதான். அமினோ அமிலங்களுட் கிளைசின் மிகச் சிறியது. மற்றவற்றுக்கெல்லாம் பக்கத்திலே கிளை நீட்டியிருக்க, இதற்கோ ஓர் ஐதரசன் அணு மாத்திரமே உண்டு. மூன்று சங்கிலிகள் நெருங்கி முறுக்கும்போது நடுவிலே இடம் மிகக் குறுகியது. ஒவ்வொரு சங்கிலியிலும் மூன்றாவது மணி அந்த நடுவிலே வந்து விழும். அவ்விடத்திற் கொள்ளக்கூடியது கிளைசின் ஒன்றுதான். ஆகவே மூன்றுக்கு ஒன்று கிளைசின் என்றாலே மூன்று சங்கிலிகள் என்று பொருள். 1954இல் இராமச்சந்திரனும் கர்த்தாவும் நேச்சர் எனும் சஞ்சிகையிலே இதனை வெளியிட்டனர். முதல் மாதிரியிலே மூன்று சங்கிலிகளும் அருகருகே நின்றன. படங்களை மேலும் நுணுகி ஆராய்ந்து, அவை ஒன்றையொன்று சுற்றி முறுக்கியிருத்தல் வேண்டுமென 1955இல் திருத்தினர்.

இங்கேதான் எமது ஊர்ப் பெரியவர் சொன்ன சூட்சுமம் வருகின்றது. சங்கிலி ஒவ்வொன்றும் தனியே இடப்புறமாகச் சுருண்டது. மூன்றுஞ் சேர்ந்து வலப்புறமாக முறுக்கியது. கயிறு திரிப்போன் அறிந்த எதிர் முறுக்கை இயற்கை அவனுக்கு முன்னரே அறிந்திருந்தது. ஒரு கொலாஜன் மூலக்கூற்றின் நீளம் ஏறத்தாழ 300 நனோமீற்றர். தடிப்பு ஒன்றரை நனோமீற்றர். இத்தகைய நுண்கயிறுகள் எண்ணிறந்தன சேர்ந்தே நாம் குண்டு தூக்கவும் ஏர் பிடிக்கவும் உதவும் தசைநாணாகின்றன. மிருதங்கத்திலே முழங்குந் தோலும் இவையே.

இது வெறும் அழகன்று, உயிர்நிலை. நடுவிலுள்ள கிளைசின் ஒன்று மாறிப் பெரியதோர் அமிலம் அங்கே புகுந்தால் முறுக்குக் குலைகின்றது. அதனாற் சிறு தட்டலுக்கும் எலும்பு முறியும் பிறவி நோய் உண்டாகும். உயிர்ச்சத்து சி குறைந்தால், புரோலின் எனும் அமிலத்திலே சேரவேண்டிய ஒட்சிசன் சேராது, கயிறு தளரும், முரசு இரத்தங் கசியும், ஆறிய புண்ணும் திறக்கும். முற்காலத்திலே நெடும் பயணஞ் செய்த மாலுமிகளை வாட்டிய ஸ்கேவி நோய் இதுவே. நெல்லிக்கனியையும் தேசிக்காயையும் எமது பெரியோர் போற்றியதிலே ஒரு பெரும் பயன் அடங்கியிருந்ததை இதனால் உணரலாம்.

இனி அவர் வாழ்வின் சோதனைக் காலத்தைக் கூறுவோம். முப்புரி வெளிவந்த அதே 1955ஆம் ஆண்டிலே, கேம்பிறிட்ஜிலிருந்து கிரிக்கும் ரிச்சும் ஒரு மறுப்பை வெளியிட்டனர். மூன்று சங்கிலி, முறுக்கு ஆகியவற்றை அவர்கள் மறுக்கவில்லை. ஆனால் சென்னை மாதிரியிலே சில அணுக்கள் தகாத அளவுக்கு நெருங்கி நிற்கின்றன என்றும், சங்கிலிகளைக் கட்டும் ஐதரசன் பிணைப்பு மூன்று மணிக்கு இரண்டன்று, ஒன்றே என்றும் வாதிட்டனர். டி.என்.ஏ. கண்டு உலகப் புகழ் பெற்றவர் கிரிக். அவர் எதிர்த்தால் யார் சென்னையை நம்புவார்?

ஒருவர் மனமுடைந்து ஒதுங்கியிருக்கலாம். மற்றொருவர் தம் நாட்டவர்க்கு வெள்ளையர் நீதி செய்யாரெனக் குறைகூறிக் காலங்கழித்திருக்கலாம். இராமச்சந்திரன் இவ்விரண்டையுஞ் செய்தாரல்லர். அணுக்கள் மிக நெருங்கின என்கிறீர்களே, எவ்வளவு நெருங்கலாம் என்று யாராவது அளந்ததுண்டா என்று தம்மைத் தாமே கேட்டார். அதுகாறும் வெளிவந்திருந்த அமினோ அமில, பெப்டைட்டுப் பளிங்குகளின் அமைப்புக்களையெல்லாந் திரட்டி, இரண்டு அணுக்கள் எவ்வளவு கிட்ட வரலாம் என்று அட்டவணை இட்டார். அம்முயற்சியிலிருந்து பிறந்ததே அவர் பெயரை நிலைநாட்டிய அருஞ்செயல்.

புரதச் சங்கிலியின் முதுகெலும்பிலே ஒவ்வொரு மணியிலும் திரும்பக்கூடிய பிணைப்புகள் இரண்டு உண்டு. அவை எவ்வளவு திரும்புகின்றன என்பதை இரண்டு முறுக்குக் கோணங்களாற் குறிக்கலாம். கிரேக்க எழுத்துக்களான ஃபை, சை என்பன அவற்றின் பெயர். கதவின் கீலைப் போலத் திரும்பினாலும் எந்தக் கோணத்துக்கும் திரும்ப முடியாது. சில நிலைகளிலே அணுக்கள் ஒன்றோடொன்று மோதும். வி. சசிசேகரன், சி. இராமகிருஷ்ணன் ஆகிய மாணவர்களுடன் இராமச்சந்திரன் எல்லாக் கோணங்களையுங் கணித்தார். இன்று போலக் கணினி கைக்கெட்டிய காலமன்று அது. ஒரு கோணத்தைக் கிடையாகவும் மற்றதைச் செங்குத்தாகவும் வைத்து வரைந்த படத்திலே, ஏறத்தாழ முக்காற்பங்கு பரப்பு விலக்கப்பட்ட பூமியாயிற்று. எஞ்சிய சில தீவுகளிலேயே புரதம் வாழலாம். 1963இல் வெளிவந்த இப்படத்துக்கு இன்று உலகெங்கும் வழங்கும் பெயர் இராமச்சந்திரன் வரைபடம்.

அதன் பின்னர் உலகிற் கண்டறியப்பட்ட ஆயிரமாயிரம் புரதங்களின் கோணங்கள் அத்தீவுகளிலேயே பெரும்பாலும் சென்று விழுந்தன. எந்த நாட்டு விஞ்ஞானியாயினும் புதிய புரதமொன்றின் வடிவத்தைக் கண்டேன் என்றால், அது சரியா என்று சோதிக்க இன்றும் இப்படத்தையே நாடுகின்றார். பல்கலைக்கழக விரிவுரையிலே ஆங்கிலப் பாடநூலைத் திறந்தபோது, பிறநாட்டுப் பெயர்களுக்கிடையே எமது காதுக்குப் பழகிய இப்பெயரைக் கண்டு நாம் அடைந்த உவகை சொல்லுந் தரமன்று.

மறுப்பின் முடிவு யாது என்று வினவுவீர். நடுவுநிலையோடு கூறுவோமாயின், ஐதரசன் பிணைப்பின் எண்ணிக்கையிலே கிரிக்கும் ரிச்சும் கூறியதே சரியென நின்றது. மூன்று சங்கிலிகள் முறுக்கிய கயிறு என்ற மூலக் கருத்திலே சென்னை கூறியது நிலைத்தது. 1994இல் கொலாஜனை ஒத்ததொரு சிறு மூலக்கூற்றின் பளிங்கை ஆராய்ந்தோர் அம்முப்புரியைத் தெளிவாகவே கண்டனர். தம் மாதிரியின் ஒரு பகுதி தவறியபோதிலும், அத்தவற்றை ஆராயப் புகுந்தவர் அதனினும் பெரியதொன்றைக் கண்டார். எதிர் முறுக்கினாலே கயிறு இறுகுவது போல, எதிர்ப்பினாலே அவர் ஆராய்ச்சி இறுகியது.

1970இல் சென்னையை விட்டுப் பெங்களூர் சென்று, இந்திய விஞ்ஞானக் கழகத்திலே மூலக்கூற்று உயிர்ப்பௌதிகப் பிரிவை நிறுவினார். 1971இல் ஏ. வி. இலட்சுமிநாராயணனுடன் சேர்ந்து, பல திசைகளிலிருந்து எடுத்த எக்ஸ் கதிர் நிழல்களைக் கொண்டு உட்பொருளின் முழுவடிவத்தையும் மீட்கும் எளிய கணித முறையொன்றை வெளியிட்டார். வைத்தியசாலைகளிலே இன்று சி.ரி. ஸ்கான் எனப்படும் கருவியின் கணிப்புக்கு அத்தகைய முறை பெரிதும் உதவியது. 1979இல் அக்கருவிக்காக நோபல் பரிசு பெற்றோர் வேறிருவர். இராமச்சந்திரனுக்கு அப்பரிசு ஒருபோதுங் கிடைக்கவில்லை. 1961இல் பட்நாகர் பரிசும், 1977இல் இலண்டன் றோயல் சங்க உறுப்புரிமையும், 1999இல் அனைத்துலகப் பளிங்கியற் சங்கத்தின் எவால்ட் பரிசும் பெற்றார்.

இறுதிக் காலம் துன்பம் நிறைந்தது. பார்க்கின்சன் நோய் அவரை வாட்டியது. 1945இல் கைப்பிடித்து, அரை நூற்றாண்டுக்கு மேலாக அவருடைய இன்ப துன்பங்களிலே பங்குகொண்ட மனைவியார் இராஜலட்சுமி அம்மையார் 1998இல் மறைந்தார். 2001ஆம் ஆண்டு ஏப்பிரல் 7ஆந் திகதி சென்னையிலே பேராசிரியரின் ஆவி பிரிந்தது.

அன்பர்களே, இவ்வரலாற்றிலிருந்து வன்னி மண்ணின் இளைஞர் கொள்ளத்தக்கது யாது? எமது ஊர் போரினால் இடம்பெயர்ந்து, மீண்டு, மீண்டும் நாற்று நட்ட ஊர். ஆய்வுகூடம் இல்லை, நூலகம் இல்லை, நகரத்தார்க்குள்ளது எமக்கில்லை என்று ஏங்குவோர் எம்மிற் பலர். அவ்வேக்கம் பொய்யென்று நாம் கூறவில்லை, இல்லாமை இல்லாமைதான். ஆயினும் இராமச்சந்திரன் தமக்கு அருகே என்ன உண்டென்று முதலிற் பார்த்தார். தோல் நிலையம் இருந்தது. ஒரு மாணவர் இருந்தார். தந்தையார் ஊட்டிய கணிதம் இருந்தது. இம்மூன்றையும் முறுக்கியே கயிறாக்கினார். பின்னர் பெரியோர் ஒருவர் தவறென்றபோது, சினந்து அவிழ்ந்து போகாமல், அத்தவற்றையே அளக்கப் புகுந்தார்.

பெரியோர்க்கும் ஒரு விண்ணப்பம் உண்டு. பிள்ளைக்குக் கணக்குக் கொடுத்த ஒரு தந்தையும், மாணவனின் திறமறிந்து தம்பால் ஈர்த்த ஓராசிரியரும் இல்லையெனில் இம்மேதை இல்லை. திண்ணையிலிருந்து கயிறு திரிக்கும் பாட்டனாரிடத்திலே பேரன் ஏன் என்று கேட்டால், அக்கேள்வியை அலட்சியஞ் செய்யாதிருங்கள். அவர் கையிலுள்ள சூட்சுமமும் எக்ஸ் கதிர்ப் படத்திலுள்ள சூட்சுமமும் ஒன்றே. தனித்த புரி இலகுவில் அறும். மூன்று புரி சேர்ந்தால் தேரும் அசையும். எமது சங்கமும் அவ்வாறே இளைஞர், முதியோர், கல்வி எனும் மூன்றையும் முறுக்கி நிலைபெறுவதாக.